செந்தட்டிப் புழுவின் படம்

எங்கள் குடும்பத்தில் கேமராவைத் தொட்ட முதல் பெண்பிள்ளை நான்தான். துபாயிலிருந்து வந்திருந்த மாமா, திரும்பிப் போகும்போது ஒன்பது படம் மிச்சமிருந்த ஃபிலிமோடு அதை எங்கள் வீட்டில் விட்டுப் போனார். அந்த ஒன்பதையும் கல்யாணம், காதுகுத்து என்று யோக்கியமாகச் செலவழித்திருக்கலாம். நான் பூச்சிகளை எடுக்கக் கிளம்பினேன். அப்போது எனக்குப் பத்து வயது.

நாங்கள் இருந்தது விருத்தாசலத்தில். அப்பாவுக்குப் பீங்கான் கம்பெனியில் வேலை. சித்தப்பாவுக்குக் கம்மாபுரம் பக்கம் இருந்த நிலம் சுரங்கத்துக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு கருவேப்பிலங்குறிச்சியில் ஒன்றரை ஏக்கர் வாங்கி, முதல் தடவையாகப் பருத்தி போட்டிருந்தார். இதுவும் கையைவிட்டுப் போனால் கூலிக்குத்தான் போகவேண்டும் என்று சித்தியிடம் ஓயாமல் சொல்வார்.

அந்தப் பருத்திக் கொல்லையின் வேலியோரம் செந்தட்டி மண்டிக் கிடந்தது. மேலே பட்டால் தடித்து, அரித்து, உயிரை வாங்கிவிடும். அதனால் ஆடும் அண்டாது, ஆளும் அண்டாது. பூச்சிகள் பாடு கொண்டாட்டம். இலைக்கடியில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி, தண்டில் எறும்பு, நடுவே கறுப்பும் ஆரஞ்சுமாக முள்முள்ளாய் ஊர்ந்த ஒரு சின்னப் புழு. பருத்தியிலும் அங்கங்கே அது இருந்தது. அப்பாவின் கம்பெனிக் கையுறையை மாட்டிக்கொண்டு, பூதக்கண்ணாடியை லென்ஸுக்கு முன்னால் பிடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எடுத்தேன். “பொட்டப் புள்ளைக்கு செந்தட்டிகிட்ட என்னா வேல?” என்று சித்தி கத்திக்கொண்டே இருந்தார்.

ஸ்டுடியோவில் கழுவி வந்தபோது எட்டுப் படத்தில் வெறும் பச்சைக் கலங்கல். ஒன்றில் மட்டும் புழு தெளிவாக விழுந்திருந்தது. நெல்மணி அளவு இருந்தது, படத்தில் முதலைக்குட்டி மாதிரித் தெரிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

சித்தப்பா படத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என்னாம்மா இது? நம்ம கொல்லையிலயா இருக்குது?”

எனக்கு அது என்ன புழு என்று தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. “பருத்திய திங்கிற புழு சித்தப்பா” என்று அடித்துவிட்டேன். அவர் முகம் சுண்டிப் போனது.

பூச்சிமருந்துக் கடைக்கு எல்லோரும் அரித்த இலையைக் கிள்ளிக்கொண்டு போவார்கள். கடைக்காரர் இலையைப் பார்த்து டப்பாவை எடுத்துக் கொடுப்பார். சித்தப்பா இலைக்குப் பதில் என் படத்தைக் கொண்டுபோனார். “இம்மாம் பெருசா இருக்குது, ஒரு மருந்துக்கு அசையாதுங்க. ரெண்டு மருந்தக் கலந்து அடிங்க” என்று கடைக்காரர் சொன்னாராம். என் படத்தைப் பார்த்து ஒரு பெரிய மனிதர் மிரண்டார் என்பதில் எனக்கு ஒரே பெருமை.

மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு சித்தப்பா கொல்லை முழுக்க அடித்தார், வேலியையும் விடவில்லை. புழு மொத்தமும் உதிர்ந்தது. பத்து நாளில் பருத்தி இலையெல்லாம் அசுவினி அப்பிப் பிசுபிசுத்தது. அந்தப் புழு எங்கோ ஒளிந்துகொண்டு செய்கிற வேலைதான் இதுவும் என்று நினைத்து மறுபடி அடித்தார். மூன்றாவது தடவை உச்சிவெயிலில், எதிர்காற்றில் அடித்துக்கொண்டிருந்தவர் வரப்பிலேயே விழுந்துவிட்டார்.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். வாயோரம் எச்சில் வடியப் படுத்திருந்தவர், கண்ணாலேயே என்னைக் கிட்டே கூப்பிட்டார். “அந்தப் புழு... இன்னும் இருக்குதாம்மா?”

முந்தின நாள்தான் செந்தட்டியையும் பருத்தியையும் புரட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். “ஒண்ணுகூட இல்ல சித்தப்பா. எல்லாம் செத்துப்போயிடுச்சு.”

“அது போதும்மா” என்று கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் ஆம்புலன்ஸில் அவர் உடலைக் கொண்டுவந்து இறக்கினார்கள்.

சித்தி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். ஆனாலும், சாகப்போகிறவருக்கு ஒரு நல்ல சேதி சொன்னோம் என்ற ஆறுதல் எனக்குள் இருந்தது. அது பொறிவண்டின் இளம்புழு, பருத்தியைத் தொடவே தொடாது, அசுவினியைத் தின்றுதான் வளரும் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. அந்தக் கொல்லையில் சித்தப்பாவுக்காகப் பாடுபட்ட ஒரே கூட்டத்தை என் பேச்சைக் கேட்டு அவரே கொன்றார் என்பதும் தெரியாது.