ஹார்ட் டிஸ்க் என் சட்டைப் பையில் இருந்தது

பேய், ஆவி என்று யாராவது என் முன்னால் பேச்செடுத்தால் எழுந்து போகிறவன் நான். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, தேயிலைக் கொழுந்து லாரியில் மூட்டை தூக்கி, ஒரு ஓட்டைக் கேமராவோடு தொடங்கி, பூண்டுலோயா டவுனில் சொந்தமாக ஸ்டூடியோ போட்டவன். சுற்றியுள்ள தோட்டங்களில் நான் எடுத்த படம் சுவரில் தொங்காத வீடு ஒன்று இருந்தால் காட்டுங்கள், நாளைக்கே கடையை மூடிவிடுகிறேன். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், இனிச் சொல்லப் போவதைக் கேட்டுவிட்டுக் கிழவனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

எனக்கு இங்கிலீஷ் வராது. கம்ப்யூட்டரில் எழுத்து வந்தால் என் மனைவியின் தம்பி செல்வம்தான் வாசிப்பான். இருபத்திரண்டு வருடம் கடையில் என்னோடு இருந்தவன். அவனுக்குத் தொழில் பழக்கியவன் நான், பெண் பார்த்துக் கட்டி வைத்தவனும் நான். கடைச் சாவி ஒன்று என்னிடம், ஒன்று அவனிடம்.

போன மழைக்காலத்தில் கம்ப்யூட்டரில் புது விண்டோஸ் ஏறிக்கொண்டது. எங்கள் பிரிண்டர் கிழடு, புதியதோடு ஒத்துப் போகவில்லை, மணப்பெண் முகமெல்லாம் பச்சையாக விழுந்தது.

"பழைய விண்டோசுக்கே எறக்கிருவோம் மச்சான். மொதல்ல எல்லாத்தையும் வேற டிஸ்க்குல காப்பி எடுத்துக்கிறேன்" என்றான். செய்யடா என்றேன்.

அந்த வேலையைச் செய்ய வைத்திருந்த நாள் காலையில், தோட்டத்து மேல் டிவிசன் பெரியசாமி இறந்துபோன செய்தி வந்தது. ஒரு வாரத்துக்கு முன்புதான் அவர் மகள் கல்யாணத்துக்கு நான் படம் எடுத்திருந்தேன். செல்வம் இன்னும் கடைக்கு வரவில்லை. போனில், "ஒரு சாவுக்குப் போறேன், நீ வந்து கம்ப்யூட்டரப் பாரு" என்று மட்டும் சொன்னேன். யார் என்று நான் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

நம் பக்கத்தில் சவப்பெட்டியைத் தூக்குவதற்கு முன் குடும்பம் முழுக்கச் சுற்றி நின்று ஒரு படம் எடுப்பது வழக்கம்தானே. கேமரா கார்டில் இடமில்லை. கல்யாணப் படம்தான் கம்ப்யூட்டரில் இருக்கிறதே என்று அங்கேயே கார்டை அழித்துவிட்டு எடுத்தேன். உயிரோடு சிரித்த மனுசனை அழித்துவிட்டு, செத்த மனுசனை எடுத்தேன். என் தொழிலில் நான் செய்த ஒரே முட்டாள்தனம் அதுதான்.

குழியில் பெட்டியை இறக்கும்போது போன் அடித்தது. செல்வம்.

"எல்லாம் காப்பி ஆயிருச்சு மச்சான். அழிக்கவான்னு கேக்குது. அமத்தவா?"

"அமத்துடா" என்றேன்.

திரும்பும்போது பெரியசாமியின் மகள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, ஐடென்டி கார்ட்டுல உள்ளத விட்டா அப்பாவுக்கு வேற படமே இல்ல. கல்யாணத்துல என் கையப் புடிச்சுக் குடுத்தாருல்ல, அதப் பெருசாக்கித் தாங்க. கருமாதிக்கு வைக்கணும்."

"நான் எடுத்த படம்மா, வராம எங்க போகும்?" என்று நெஞ்சைத் தட்டிச் சொன்னேன்.

கடைக்கு வந்தால் பூட்டியிருந்தது, செல்வம் இல்லை. என் சாவியால் திறந்து பார்த்தால் கம்ப்யூட்டர் எழும்பவில்லை. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி வெள்ளை எழுத்து. செல்வத்துக்குப் போன் போட்டேன். "பாதியில நின்னுருச்சு மச்சான். காப்பி எடுத்த டிஸ்க்கும் அவுட்டு. எனக்குக் காய்ச்சல், நாளைக்கு வாறேன்" என்றான். நாளைக்கும் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை.

விடுகிற ஆளா நான்? கம்ப்யூட்டர் பெட்டியைக் கழற்றி ஹார்ட் டிஸ்க்கை நானே உருவி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஹட்டனுக்கு பஸ் ஏறினேன். அங்கே கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் சிங்களப் பையன் நிமல் அதைத் தன் மெஷினில் மாட்டி அரை நாள் தோண்டினான். கடைசியில் தலையை ஆட்டினான். "ஒண்ணுமே இல்ல முதலாளி. இது தானா போனது இல்ல. யாரோ திரும்பத் திரும்ப அழிச்சிருக்கு."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த வார்த்தையையே திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். இருந்தாலும் செல்வத்தைச் சந்தேகப்பட மனம் வரவில்லை, பாருங்கள்.

கடையில் வந்து உட்கார்ந்தேன். பட்டப் பகல்தான், ஆனால் மூடுபனி இறங்கி ரோடு தெரியவில்லை. கைப்பழக்கத்தில் கம்ப்யூட்டர் பட்டனை அமத்திவிட்டேன். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள், அது எழும்பியது. எங்கள் பழைய திரை, நான் முதல் கேமராவோடு நிற்கிற படம். சட்டைப் பையைத் தொட்டேன், டிஸ்க் அங்கேதான் இருந்தது. மேசையடியில் பெட்டி திறந்தபடி, வயர் தொங்கியபடி.

மவுசில் என் கை இல்லை. அம்புக்குறி தானாக நகர்ந்தது. ஒவ்வொரு கல்யாணமாக, ஒவ்வொரு சடங்காக இழுத்து இன்னொரு டிஸ்க்கில் போட்டது. அந்த டிஸ்க்கின் பெயர் இங்கிலீஷில். ஆனால் செல்வத்தின் பெயர் எழுத்து எனக்குத் தெரியாதா? அவன் மோட்டார் சைக்கிளில் எழுதியிருப்பதை எத்தனை வருடம் பார்த்திருக்கிறேன். போட்டு முடித்ததும் எங்கள் பக்கத்தில் அழித்தது. அன்று அவன் செய்ததை எனக்குச் செய்து காட்டியது. நான் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன், அழுதேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியசாமி மகளின் கல்யாணத்துக்கு வந்ததும் அம்பு நின்றது. நகரவே இல்லை. நான் பென் டிரைவைச் செருகி மவுசைத் தொட்டேன், கைக்குப் பணிந்தது. கடைசிப் படம் ஏறியதும் திரை அணைந்தது. பிறகு எத்தனை தடவை அமத்தியும் அசையவில்லை. அடுத்த வீட்டு லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன், கல்யாணப் படம் ஒன்று விடாமல் இருந்தது.

உடனே செல்வத்துக்குப் போன் போட்டேன். "டேய், எல்லாத்தையும் பாத்துட்டேன்டா."

"அந்தாளு சொல்லிட்டாரா?"

"எந்த ஆளு?"

"பெரியசாமி அண்ணன்தான். நான் காப்பி எடுக்கிறப்ப வந்து பெஞ்சில உக்காந்தாரு. 'எல்லாத்தையும் எடுத்துக்க தம்பி, என்னுதத் தொடாத'ன்னாரு. நான் அத எடுக்கல மச்சான், டிஸ்க்க அழிச்சப்ப அதுவும் போயிருச்சு. தலவாக்கலையில கடை போடுறேன், மத்ததெல்லாம் எனக்கு வேணும். ஒங்க கூடவே இருந்தா சாகுற வரைக்கும் நான் ஒங்க எடுபிடிதான்."

இருபத்திரண்டு வருடத்துக்கு அவன் கொடுத்த பெயர் அது. ஆனால் அதைவிட இன்னொன்று கேட்க வேண்டியிருந்தது. "அவரு எத்தன மணிக்குடா வந்தாரு?"

"அமத்தவான்னு ஒங்களுக்குப் போன் போட்டேனே, அப்பவும் பக்கத்துலதான் இருந்தாரு."

அந்தப் போனை நான் எங்கே நின்று கேட்டேன் என்று அவனுக்குச் சொல்லவில்லை. "எழும்பி எப்பப் போனாரு?"

"நான் அவசரத்துல ஷட்டர இழுத்துப் பூட்டிட்டு வந்துட்டேன். அவரு போனத நான் பாக்கல மச்சான்."

படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு கருமாதிக்கு முன்பே கொடுத்துவிட்டேன். இப்போது புது டிஸ்க், பழைய விண்டோஸ், மணப்பெண்கள் மறுபடியும் சிவப்பாக விழுகிறார்கள். என் மனைவி தன் தம்பி வீட்டுக்குப் போய் வருகிறாள், நான் போவதில்லை.

என் கடைக்கு வாசல் ஒன்றுதான். யாருக்கும் தலை வணங்காத நான், தினமும் காலையில் ஷட்டரை இரண்டு தட்டுத் தட்டி, கொஞ்சம் தள்ளி நின்று காத்திருந்துவிட்டுத்தான் தூக்குகிறேன். என் சொந்தக் கடையை.