சீசாப் பகுதியில் பிரைமர் வாங்கப் போனது

நாப்போலி நகரிலிருந்து கப்பலில் உறக்கமில்லாமல் வந்து இறங்கிய நான், பையும் கையுமாகச் சீசா என்னும் நகர்ப்பகுதியில் ஒரு துவக்குக் கடையில் நிற்கிறேன். என்னை அழைக்க வந்த சின்னம்மாவின் மகன் அந்தோனி, தான் பராமரிக்கும் முதியவரையும் கூட்டி வந்திருக்கிறான். குறிபார்த்துச் சுடும் போட்டிகளுக்குத் தன் தோட்டாக்களைத் தானே தயாரித்துக்கொள்பவர் அவர். தோட்டாவின் அடியில் பொருத்தி மருந்தைப் பற்றவைக்கும், சட்டைப் பொத்தானிலும் சிறிய பிரைமர்களில் இரண்டு வகையைக் கண்ணருகே பிடித்து மாறிமாறிப் பார்க்கிறார். எனக்குக் கால் கடுக்கிறது.

"ரெண்டும் ஒண்டுதானே?" என்கிறேன்.

"இல்லை அக்கா. ஒவ்வொரு வெடிக்கும் ஒரே மாதிரிப் பத்த வேணுமாம். இல்லாட்டிக் குறி விலகிப்போமாம்."

ஒருவழியாக முதியவர் ஒரு பெட்டியைத் தெரிந்தெடுக்கிறார். கடைக்காரர் துவக்கு அனுமதிப் பத்திரத்தைக் கேட்கிறார். வீட்டில் சொல்ல மனம் வராததை அந்தோனி இப்போது அவர் காதில் சொல்கிறான்: பார்வைச் சோதனையில் தவறியதால் அனுமதி புதுப்பிக்கப்படவில்லை.

முதியவர் பெட்டியைக் கடைக்காரர் பக்கம் தள்ளி, தன் மொழியில் ஏதோ சொல்கிறார்.

"என்னவாம்?"

"வேறை ஆரும் வந்து கேட்டால் இதையே குடுக்கட்டாம். இதுதான் நல்லதாம்."