படகுக்குக் காட்டிய மரியாதை

பழவேற்காட்டில் எங்கள் ஆட்கள் யாரும் செருப்புக் காலோடு படகில் ஏறமாட்டார்கள். சோறு போடும் படகாயிற்றே. அந்தப் பழக்கமே ஒருநாள் என்னைக் கடலோடு அனுப்பப் பார்த்தது.

கடலடியில் பாறைகளில் சிக்கிய வலைகளை அறுத்தெடுப்பதற்காக சிலிண்டர் காற்றைச் சுவாசித்தபடி மூழ்கும் ஸ்கூபா கற்றவன் நான். போன மாதம் ஒரு காலையில் வேலையை முடித்து மேலே வந்தேன். கை நீட்டினால் தொடும் தூரத்தில் படகு. உதைத்து நீந்துவதற்காகக் காலில் மாட்டியிருந்த, மீன்வால் போன்ற ரப்பர் ஃபின்ஸ் இரண்டையும், வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோலக் கழற்றிப் படகுக்குள் வீசினேன். பிறகுதான் விளிம்பைப் பிடிக்கக் கை நீட்டினேன். அதற்குள் நீரோட்டம் என்னை இழுத்துப் போயிருந்தது.

முதுகில் சிலிண்டர். வெறுங்காலால் எவ்வளவு உதைத்தும் படகை நெருங்க முடியவில்லை. மூச்சு வாங்கியது. நீந்துவதை நிறுத்தியதுதான் அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம். போட்டிருந்த மிதவை ஜாக்கெட்டில் காற்றை நிரப்பி மல்லாந்து கிடந்தேன். படகிலிருந்த என் மனைவியின் தம்பி முருகன், நங்கூரத்தைத் தூக்கிவிட்டு என் பக்கம் வந்து, எஞ்சினை அணைத்துக் கயிறு வீசினான்.

"இன்னா மாமா, செருப்ப கோயிலாண்ட வுட்டுட்டு சாமியப் பாக்காமயே போறியே" என்றான்.

இப்போதெல்லாம் மேலே வந்ததும் படகின் கயிற்றைப் பிடித்த பிறகுதான் மற்ற வேலை. மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் எடையையும் சிலிண்டரையும் முதலில் மேலே கொடுத்துவிட்டு, ஃபின்ஸோடு உதைத்துத்தான் படகில் ஏறுகிறேன். உட்கார்ந்து அவற்றைக் கழற்றியதும் பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன். படகு இதுவரை கோபித்துக்கொள்ளவில்லை.

– சேகர், பழவேற்காடு