அண்ணனைக் கூப்பிட்ட குரல்

கனடாவில் பகுதிநேரப் படைவீரரான என் அண்ணன், விடுமுறைக்கு அரியாலைக்கு வந்திருந்தார். வெளிநாட்டுப் பணியில் கேட்ட வெடிச்சத்தத்தால் அவருக்குக் காது மந்தம். படை மருத்துவர் கணிக்கும் ஊனச் சதவீதம் கூடினால் படையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து, அது எவ்வளவு மோசமானது என்பதை அவரிடம் மறைத்திருந்தார். தெரிந்தும் நான் அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு மத்தியானம் காவலாளி இல்லாத ரயில் கடவையருகே நின்றோம். அண்ணன் திடீரென்று, "ஓம், வாறன்" என்றார்.

"ஆரோடை கதைக்கிறியள் அண்ணை?"

"அங்காலை நிண்டு என்ரை பேரைக் கூப்பிடினம்."

எதிரே வெறும் வெளி. ரயில் ஊதியது. அது கேட்காமல் அவர் தண்டவாளத்தை நோக்கி நடந்தார். சட்டையைப் பிடித்து இழுத்தேன். ரயில் போன பிறகும், "இன்னும் கூப்பிடினம்" என்றார்.

கனடா திரும்பியதும் படை மருத்துவரிடம் காது மந்தத்தையும் அந்தக் குரலையும் மறைக்காமல் சொன்னார். சதவீதம் கூடியது. களப்பணியை இழந்தாலும், படையின் பண்டகசாலையில் தொடர்கிறார்.

இப்போது வீட்டில் யார் மருத்துவரிடம் போனாலும் நானும் கூடப் போகிறேன். அவர்கள் சொல்லாமல் விட்டதை நான் சொல்லிவிடுகிறேன்.