வலது தோள்பட்டைக்குக் கீழே

லாக்டவுனில் என் கணவர் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்தார். ஊர் திறந்த பிறகும் வாரத்தில் நான்கு நாள் அங்கேதான். ஒரு காலை மடித்துப் போட்டு, கழுத்தை ஆமை மாதிரி நீட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் உட்காருவார். இரண்டே மாதத்தில் கழுத்தடியில் சதை பிடித்துக்கொண்டது. இரண்டு பக்கமும் சுண்டைக்காய் அளவில் முடிச்சு.

அதற்கு நான் செய்யாத வைத்தியம் இல்லை. இந்த வெளிநாட்டில், மவுண்ட் ஆல்பர்ட்டில், எங்களுடையது பழைய மரவீடு, குளிர்காலத்தில் சுவரே நசநசவென்று இருக்கும். குளிரில் பிடிப்பு கூடுகிறதென்று அவருக்கு மட்டும் தனி ஹீட்டர். கோதுமை நிரப்பிய துணிப் பையை மைக்ரோவேவில் சூடாக்கிக் கழுத்தில் போடுவேன். ஐந்து மணிக்கு லேப்டாப்பை மூடியதும் காலரை இறக்கிவிட்டு முதுகைக் காட்டி உட்காருவார். வாய் திறந்து கேட்கமாட்டார், அவ்வளவு நல்ல மனிதர். தைலத்தைத் தொட்டு அரை மணி நேரம் வலது கட்டைவிரலால் அமுக்குவேன். எந்த முடிச்சு எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

பகலில் எனக்கு முதியோர் இல்லத்தில் வேலை. தூக்குவது, புரட்டுவது, குளிப்பாட்டுவது. போன வருடம் என் வலது தோள்பட்டைக்குக் கீழேயும் ஒரு முடிச்சு விழுந்தது. என் கை எட்டாத இடம். சட்டை மாட்டக் கையைத் தூக்கினால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

"தைலம் தடவிக்கோ, சரியாயிடும்" என்றார். எட்டாத இடத்தில் எப்படித் தடவுவது என்று அவருக்கும் தோன்றவில்லை, நானும் கேட்கவில்லை. ஒருநாள் படுக்கையில் ஒரு பாட்டியைத் திருப்பும்போது என் பிடி நழுவியது. பாட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கை போனால் வேலையும் போகும்.

ஹில்ஸ்பரோவில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன், யாழ்ப்பாணத்துப் பெண். வலது கையால் திரும்பத் திரும்பச் செய்கிற வேலைகளைக் கேட்டு எழுதிக்கொண்டாள். தூக்குவது, துடைப்பது, இஸ்திரி, சப்பாத்தி மாவு என்று ஒன்று விடாமல் ஒப்பித்தேன். பிறகு முதுகை அமுக்கிக்கொண்டே சொன்னாள்:

"வீட்டில ஆரையும் கொண்டு இந்த இடத்தை மெல்லமா அமத்துவியுங்கோ அக்கா."

"வீட்ல அமுக்குறது நான்தாங்க. அவருக்குக் கழுத்துப் பிடிப்பு. தினமும் அரை மணி நேரம், லாக்டவுன்லேர்ந்து."

அவள் கை நின்றது. "வேலையள் எல்லாத்தையும் கேட்டனான்தானே. இதை ஏன் சொல்லேல்லை?"

"அது வேலை இல்லையே" என்றேன்.

என் கட்டைவிரலின் அடியை அவள் லேசாகத் தொட்டாள். உயிர் போயிற்று. "இந்த இழுவைதான் அக்கா தோளுக்குப் போகுது. இனி ஒருத்தருக்கும் அமத்தாதேங்கோ." ஒரு டென்னிஸ் பந்தைத் தந்து, சுவருக்கும் முதுகுக்கும் நடுவில் வைத்துச் சாய்ந்து உருட்டச் சொன்னாள்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். "முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்று என்னைத் திருப்பி உட்காரவைத்தார். அந்த ஒரு நிமிடம் நான் உருகித்தான் போனேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. இரண்டு இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார்.

"எங்க?"

"இன்னும் கொஞ்சம் கீழ."

"இங்க ஒண்ணுமே இல்லையே. எல்லாம் சாதாரணமாத்தான் இருக்கு."

சொல்லிவிட்டுத் தன் காலரை இறக்கி முதுகைக் காட்டினார். "இன்னைக்கு மெதுவா அமுக்கினாப் போதும்."

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். வந்தும் தெரியாதவர்களைப் பற்றி யாரும் எதுவும் சொல்லி வைக்கவில்லை. பந்தை அவர் மடியில் போட்டேன். "சுவர் அங்க இருக்கு" என்றேன்.

காலையில் தணிந்துவிடுவேன் என்று நினைத்திருப்பார். நான் தணியவில்லை. ஆறே வாரத்தில் என் தோள் தேறிவிட்டது. அமுக்குவதை நிறுத்தினேன், பந்தை உருட்டினேன், அவ்வளவுதான். இத்தனை மாத வலிக்கு இவ்வளவு சுலபமான மருந்து என்பதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அவரும் சுவரில் சாய்ந்து பழகிக்கொண்டார். போன வாரம் கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டி, மனம் நிறைந்து சொன்னார்: "இந்தப் பந்து உன் கையைவிட நல்லாவே அமுக்குது."