ஆள் நீளத்துக்கு ஒரு கல்

என் கணவர் செய்னுலாப்தீனுக்கு வீட்டில் ஓர் ஆணியை நேராக அடிக்கத் தெரியாது. அவர் மாட்டிய மணிக்கூடு இன்றும் ஒரு பக்கம் சாய்ந்துதான் தொங்குகிறது. ஆனால் புத்தளம் கரையோரத்துப் பெரிய வீதிகளில் பலவும் அவர் மேற்பார்வையில் போடப்பட்டவை. அரசாங்க சிவில் இன்ஜினியர். பஸ் குலுங்கினால் எல்லோரும் டிரைவரைத் திட்டுவார்கள், நான் பக்கத்தில் இருக்கும் இவரைத் திட்டுவேன். இவர் ஜன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, அது தன்னுடைய துண்டு இல்லை என்பார்.

மதுரங்குளியில் கடையும் தென்னந்தோட்டமும் உள்ள குடும்பம் அவருடையது. நாங்களோ தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த உடுப்போடு வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கியவர்கள். அகதி முகாமில் வளர்ந்த பிள்ளையையா கலியாணம் முடிக்கப் போகிறாய் என்று சொந்தக்காரர்கள் முகத்தைச் சுளித்தபோது, "ஓம்" என்ற ஒரே சொல்லில் கதையை முடித்துவிட்டாராம். வாயைத் திறப்பதில் அவ்வளவு சிக்கனம்.

நேர்மையிலும் அப்படித்தான். கந்தோரில் வேலைக்குக் கொடுத்த பென்சில் ஒன்றுகூட எங்கள் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. எனக்குப் பிரசவ வலி வந்த அன்று முற்றத்தில் அரசாங்க ஜீப் நிற்க, என்னை முச்சக்கர வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். வழியெல்லாம் நான் சொன்னதை இங்கே எழுத முடியாது.

யுத்தம் முடிந்த பிறகு நாடு முழுக்க வீதிகளை அகலித்தார்கள். கற்பிட்டி வீதியில் ஒரு துண்டு இவர் பொறுப்பில் வந்தது. நுரைச்சோலைக்குக் கிட்ட, அந்த வீதியோரத்தில்தான் எங்கள் முகாம் இருந்தது. முகாம் கலைந்து, ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் வீடு கட்டிப் போய்விட்டார்கள். முகாமில் மௌத்தானவர்களை அடக்கிய மையவாடி மட்டும் மணலுக்கும் முட்பற்றைக்கும் நடுவே அங்கேயே கிடந்தது. என் வாப்பாவும் அங்கேதான் இருக்கிறார். வள்ளத்தில் நனைந்து வந்தவர், இருமி இருமி, முகாமின் முதல் நோன்பு வருவதற்குள் போய்விட்டார்.

கொழும்பிலிருந்து வந்த வரைபடத்தில் அந்த மையவாடி இல்லை. அதன் மேல் புதிய வீதி ஓடியது. காரணம் எளிது. மையவாடியின் பின்பக்கத்தில் வீதித் திணைக்களத்தின் எல்லைக்கற்கள் இரண்டு மூன்று மணலுக்கு மேலே தலை நீட்டி நின்றன. அளக்க வந்த சர்வேயர் அவற்றைப் பார்த்து, அந்தக் கல்வரை எல்லாம் வீதிக்குச் சொந்தமான நிலம் என்று கோடு போட்டுவிட்டார்.

பள்ளிவாசல் பெரியவர்கள் வந்து தேத்தண்ணீர் குடித்து, "நீங்க எங்கட ஆள்தானே" என்று இழுத்தார்கள். கல் அங்கே நிற்கும்போது தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார் இவர். வீதியை மற்றப் பக்கம் தள்ளினால் மக்தலேனா என்ற விதவையின் வீடு போகும், மனைவியின் ஆட்களுக்காக அவளுடைய கூரையை எப்படிப் பிரிப்பது என்றும் கேட்டார். நியாயம்தான். நியாயம் என்பதால்தான் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர்கள் போன பிறகு, "அப்ப உங்கட பெக்கோ மெஷின் எங்கட வாப்பாட மேலயும் ஏறுமா?" என்று கேட்டேன். இவர் அந்தக் கிழமை முழுக்கச் சோற்றைப் பிசைந்தாரே தவிரச் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து, மையவாடிக்குப் போய் வாப்பாவின் கப்ரடியில் நின்று ஒரு துஆ ஓதிவிட்டு வருகிறேன் என்றார். மன்னிப்புக் கேட்கத்தான் போகிறார் என்று எனக்குத் தெரியும். நானும் கூடப் போய் வேலியோரம் நின்றேன். தலைமாட்டுக் கல்லின் பக்கம் நின்று ஓதினார். பிறகு கால்மாடு எது என்று பார்க்கக் குனிந்து மணலைக் கையால் தள்ளினார். அங்கேயும் ஒரு கல், தலைமாட்டில் நின்றதைப் போலவே திணைக்களக் கல். பக்கத்துக் கப்ருக்குப் போய் மணலைத் தள்ளினார், அங்கே இரண்டு. அதற்கடுத்ததிலும் இரண்டு. வெள்ளைச் சட்டையோடு முழங்காலில் நின்று தோண்டும் மனுசனைப் பார்த்து எனக்குப் பயம் வந்துவிட்டது. அவர் நிமிர்ந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"மர்ளியா, எல்லைக்கல்ல ஆள் நீளத்துக்கு ஒண்டு நடுவாங்களா?"

வீட்டுக்கு வந்ததும் எங்களோடு இருக்கும் என் உம்மா ஸுலைஹாவிடம் போய், அந்தக் கற்களைப் பற்றிக் கேட்டார். உம்மா சுளகைக் கீழே வைத்தா.

"ஓம் மகன், றோட்டுக் கல்லுதான். தலைமாட்டுக்கு ஒண்டு, கால்மாட்டுக்கு ஒண்டு. அந்த மணல்ல மீஸான் கல்லுக்கு நாங்க எங்க போற?"

வீதியோரம் நடாமல் குவிந்து கிடந்த கற்களாம். கப்ருக்கு அடையாளம் வைக்க வேறு வழியில்லாமல் ஆண்கள் தலையில் தூக்கிக்கொண்டு போய், மேலே சுண்ணாம்பு அடித்து, முதலில் அடங்கியவர்களுக்கு நட்டிருக்கிறார்கள். அந்தக் கப்ருகள்தான் மையவாடியின் பின்வரிசை. கல் முடிந்த பிறகு வந்தவர்களுக்கு வெறும் பலகை, அவை எப்போதோ உக்கிப் போயின. அரசாங்கச் சாமானை எடுத்த குற்றம் பிடிக்கும் என்று அன்று பொத்திய வாயை முழு ஜமாஅத்தும் இன்றுவரை திறக்கவில்லை. எங்கள் வீட்டில் தேத்தண்ணீர் குடித்த பெரியவர்கள்தான் கல் சுமந்தவர்கள். உம்மாவுக்கோ, இது வெளியே வந்தால் மருமகனின் உத்தியோகம் போய்விடும் என்ற பயம் வேறு. கப்ரே போகப் போகிற நேரத்தில் இப்படியா வாயை மூடிக்கொண்டு இருப்பீர்கள் என்று நான் சத்தம் போட்டேன். உம்மா அழுதா. இவர்தான் அவவுடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

திங்கட்கிழமை சர்வேயரை மறுபடி கூப்பிட்டார். அவர் கற்களுக்கு நடுவே ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். அசையாமல் நின்ற உண்மையான எல்லைக்கல் ஒன்று எதிர்ப்பக்கத்தில் அகப்பட்டது. மக்தலேனா அதில்தான் ஆட்டைக் கட்டி வைத்திருந்தாள். அதிலிருந்து அளந்தபோது வீதியின் நிலம் மையவாடிக்கு முன்னாலேயே முடிந்தது. வரைபடத்தைத் திருத்தி, பழைய பாதையிலேயே இரு பக்கமும் கொஞ்சம் அகலித்தார்கள். கப்ர் ஒன்றையும் தொடவில்லை. மக்தலேனாவுக்கு வேலி மட்டும் போனது, அதையும் புதிதாகக் கட்டிக் கொடுத்தார்கள். அளந்து முடித்த அன்று மத்தியானம் இவர் மூன்றாம் தரமும் சோறு கேட்டார். நான் அடுப்படியில் நின்றே அழுதுவிட்டேன்.

புதிய எல்லைக்கற்கள் வந்த அன்று, பார்த்தே ஆக வேண்டும் என்று உம்மா அடம்பிடித்து வந்தா. பழைய கற்களை யாராவது திருப்பிக் கேட்பார்களா என்று விசாரித்தா. கேட்க மாட்டார்கள் என்றார் இவர். உம்மா லொறியில் அடுக்கியிருந்த கற்களில் ஒன்றைக் கையால் தடவிப் பார்த்தா.

"மகன், எனக்கும் இதுல ரெண்டு எடுத்து வைக்க ஏலுமா? அவருக்குப் போல."

பென்சில்கூடக் கொண்டு வராத மனுசனிடம் கேட்கிற கேள்வியா இது?

"அரசாங்கக் கல்லு ஏலா மாமி," என்றார் இவர். "உங்களுக்கு என்ட கையாலயே வார்த்துத் தாறன். இதே அளவுல."

உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தா.

"அது போதும் மகன். நடுறதுக்கு மட்டும் வேற ஆளப் புடிங்க. அந்த மணிக்கூட்ட நானும் பாக்கிறதானே."

சொன்னபடி வார்த்தார். இரண்டையும் கோழிக்கூட்டுப் பக்கம் கிடத்தி வைத்திருக்கிறார். அல்ஹம்துலில்லாஹ், உம்மா இன்றும் அவற்றின் மேல்தான் மிளகாய் காயப் போடுகிறா.