அந்த அம்மா நின்று கொடுத்த அளவு

இது நடந்தது. கட்டிய கதை என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளலாம். யாருக்கு நடந்ததோ அவள் இன்றைக்கும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். போய்ச் சாப்பிட்டவர்கள் எல்லோரும் சமையல் பிரமாதம் என்கிறார்கள். அதிகம் பேசவும் மாட்டாளாம். அதையும் பாராட்டாகத்தான் சொல்கிறார்கள்.

பேய்க்கதை என்றால் பாழடைந்த பங்களா வேண்டும், நடுராத்திரி வேண்டும், நாய் ஊளையிட வேண்டும். இதில் அந்த வசதி எதுவும் கிடையாது. புத்தம் புதுக் கட்டடம், நான்காவது மாடி. அந்த வீட்டில் செத்தவர் யாரும் இல்லை. சாகிற அளவுக்கு அங்கே யாரும் இன்னும் வாழ்ந்திருக்கவில்லை. நடந்ததெல்லாம் பட்டப்பகலில். நாய்கூடத் தூங்கப் போய்விடுகிற மதிய நேரத்தில்.

அவளைப் பிறந்த வீட்டில் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் எப்போதும் கடைசி வரிசை. பேருந்தில் கம்பி எட்டாதவர்களுக்கு இவள் கைதான் கம்பி. கல்யாணத்தன்று போட்டோகிராபர் தலையைச் சொறிந்து சொறிந்து பார்த்துவிட்டு, கடைசியில் மாப்பிள்ளையின் காலுக்கடியில் ஒரு பலகையைப் போட்டார். படத்தில் பலகை தெரியாது. மாப்பிள்ளை முகத்தில் மட்டும் லேசாகத் தெரியும்.

மாப்பிள்ளை ஒரு பெரிய கடையில் திரைச்சீலை விற்பவர். அப்படிச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். அவருடைய அட்டையில் ‘இல்ல அலங்கார ஆலோசகர்’ என்று பொன்னெழுத்தில் போட்டிருக்கும். அறையை அறை என்று சொல்ல மாட்டார்; ‘ஸ்பேஸ்’ என்பார். ஜன்னலுக்குத் துணி மாட்டினால் ‘வெளிச்சத்தோட பேசுறோம்’ என்பார். வெளிச்சம் பதில் பேசியதாகத் தகவல் இல்லை.

கல்யாணத்துக்கு முன்பே ஆலோசகர் வீட்டைத் தயார் செய்து வைத்திருந்தார். சாம்பல் நிறச் சுவர், சாம்பல் நிற சோபா, சாம்பல் நிறத்தில் ஒரு பூந்தொட்டி. புதுப்பெண் ஆசையாகத் தன் மஞ்சள் விரிப்பை சோபாமேல் போட்டாள். சாயங்காலம் அது அலமாரிக்குள் போயிருந்தது. “கலர் ரொம்பச் சத்தமா இருக்கு” என்றார். புதுசு அல்லவா, அவளும் சிரித்து வைத்தாள்.

சிரிக்க முடியாதது சமையலறை.

மேடை தாழ்வாக இருந்தது. வெங்காயம் நறுக்குவதே யாருக்கோ கும்பிடு போடுகிற மாதிரி இருக்கும். பாத்திரம் கழுவிவிட்டு நிமிர்ந்தால் இடுப்பு மடக்கென்று ஒரு வார்த்தை சொல்லும். மேல் அலமாரியின் கதவு நேராக அவள் நெற்றியில் வந்து, டொக்கென்று இடிக்கும். இழுப்பறைகள் எல்லாம் இடது பக்கம். கத்தி மாட்டும் கொக்கியும் இடது பக்கம். கூடத்தில் இருந்த வட்டக் கண்ணாடியில் அவளுக்குக் கழுத்தும் தாடையும்தான் தெரிந்தன. முகம் வேண்டுமென்றால் குனிய வேண்டும்.

“ஏங்க, இதெல்லாம் யாரு அளவுக்குச் செஞ்சது?”

“ஸ்டாண்டர்டு சைஸ்.”

“யாரு ஸ்டாண்டர்டு? நான் குடை மாதிரி மடங்கி மடங்கிச் சமைக்கிறேன்.”

“பழகிடும்” என்றார் ஆலோசகர், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்தச் சொல்லை அவள் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மேல் அலமாரிக் கதவு கீச்சிட ஆரம்பித்ததும், அதைச் செய்த தச்சரையே வரச் சொன்னாள். சொன்ன நாளுக்கு ஒரு வாரம் கழித்து வந்தார்; தச்சர்களின் நாட்காட்டியே வேறு. ஆள் வாயாலேயே பாதி வீடு கட்டிவிடுவார். “ஒரு தடவ ஒரு ஆளைப் பாத்தா போதும்மா, உயரம் அகலம் எல்லாம் மனசுல பதிஞ்சிடும். டேப்பு எல்லாம் கஸ்டமர் திருப்திக்குத்தான்” என்று, டேப்பை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டே சொன்னார். கீலுக்கு எண்ணெய் விட்டார். டீ குடித்தார். பிறகு சுற்றும் முற்றும் பார்த்தார்.

“அந்த அம்மா இல்லையா?”

“எந்த அம்மா?”

“வீட்டு அம்மாதான். வேலை ஆரம்பிக்கிறப்ப நின்னு அளவு கொடுத்தாங்களே.”

“எங்க மாமியாரா?”

“இல்லம்மா, சின்ன வயசு. குள்ளமா இருப்பாங்க, உங்க தாடைக்குத்தான் வருவாங்க. இடது கைக்காரங்க. வாயே தொறக்கல. டிராயர் எங்க வேணும், கத்தி எங்க வேணும்னு எல்லாத்தையும் அந்தக் கையாலயே காட்டினாங்க. புதுப்பொண்ணு, வெக்கப்படுதுன்னு விட்டுட்டேன்.”

“அவரு எங்க இருந்தாரு?”

“சாரா? ஜன்னல்கிட்ட போன்ல இருந்தாரு. சார் எப்பவும் போன்லதானே இருப்பாரு.”

சொன்னதற்குச் சாட்சியாக அவர் சமையலறைக் கதவைச் சாத்தி, நிலையின் உள்விளிம்பைக் காட்டினார். பெயிண்ட் படாத இடத்தில் இரண்டு பென்சில் கோடுகள். கீழே இருந்தது முழங்கை உயரம். அதை வைத்துத்தான் மேடை. மேலே இருந்தது தலை உயரம்; அதை வைத்துத்தான் மேல் அலமாரி. நெட்டை நிலையை ஒட்டி நின்று பார்த்தாள். மேல் கோடு அவள் தாடையில் முட்டியது.

“ஆமா, நீங்க சாருக்கு என்ன வேணும்?” என்றார் தச்சர்.

தாலி கட்டிய மனைவி. அதைச் சொல்ல அவளுக்கு ஏனோ வாய் வரவில்லை. “இந்த மேடையை உயர்த்திக் கொடுங்க” என்று மட்டும் சொன்னாள். “அடுத்த வாரம் வந்துடுறேன்” என்று கிளம்பினார்.

இந்த இடத்தில் எந்தப் பெண்ணுக்கும் பேய் ஞாபகம் வராது. வேறு ஞாபகம்தான் வரும். இந்த வீடு யாருக்காகச் செய்தது? அவளுக்கு முன்னால் இங்கே நின்றவள் யார்? அது தெரியாமல் இனி ஒரு வாய் சோறு இறங்காது என்றாகிவிட்டது.

“கல்யாணத்துக்கு முன்னாடி இங்க யாரக் கூட்டிட்டு வந்தீங்க?”

“யாரையும் இல்லையே.”

“குள்ளமா ஒருத்தி.”

“நான் மட்டுந்தான் வந்தேன். அளவெல்லாம் தச்சனே எடுத்தான்.”

“அப்ப அளவுக்கு நின்னது யாரு?”

“யாரு நிப்பா? ஸ்பேஸ் காலியாத்தானே இருந்துச்சு.”

அவர் முகத்தில் திருட்டு முழி இல்லை. அதுதான் அவளை உறுத்தியது. சட்டைப் பையைத் துழாவினாள். காலரை மோந்து பார்த்தாள். அவர் குளிக்கப் போன நேரத்தில் போனைத் திறந்தாள். நூற்றுக்கணக்கில் படங்கள். எல்லாம் திரைச்சீலை. ஒரு பெண் படம்கூட இல்லை. மனைவி படம்கூட இல்லை.

கத்தி இடம் மாறத் தொடங்கியது அதற்கப்புறம்தான்.

காலையில் பலகைக்கு வலப்பக்கம் வைத்துவிட்டுத் துணி உலர்த்தப் போவாள். வந்து பார்த்தால் இடப்பக்கம். வாணலியின் கைப்பிடியும் அப்படியே. உப்பு ஜாடியும் அப்படியே. அந்தக் குள்ளச்சியிடம் இன்னும் சாவி இருக்கிறது என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது. ஆலோசகரிடம் சொல்லாமல் பூட்டை மாற்றினாள்.

கத்தி மாறிக்கொண்டுதான் இருந்தது.

ஒரு நாள் உள் தாழ்ப்பாளையும் போட்டாள். பலகையின் நடுவே ஒரு முழு வெங்காயம். வலப்பக்கம் கத்தி. சமையலறை நேராகத் தெரிகிற மாதிரி சோபா மூலையில் போய் உட்கார்ந்தாள். சுவர்க் கடிகாரத்தில் மணி சரியாக மூன்று.

ஃபிரிட்ஜ் உறுமி அடங்கியது. மேல் மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அப்புறம் ஒன்றுமில்லை. கத்தி வைத்த இடத்தில் இருந்தது. அவள் கண்ணை எடுக்கவில்லை.

டக்... டக்... டக்...

மெல்லிய, சீரான சத்தம். நறுக்குகிற சத்தம். அவசரமே இல்லாத கை.

மேல் மாடியா? காதைத் தீட்டிக்கொண்டாள்.

இல்லை. பக்கத்தில். மிகப் பக்கத்தில்...

கண் எரிந்தது. துடைக்கக் கையைத் தூக்கினாள்.

கையில் கத்தி இருந்தது.

இடது கையில்.

அவள் சோபாவில் இல்லை. மேடைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். பலகையில் வெங்காயம் கடுகு கடுகாகக் கிடந்தது. அவளுக்கு வாழ்நாளில் வராத பொடி. அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது; வாசனை வீடெல்லாம் நிறைந்திருந்தது. மணி மூன்று நாற்பது.

தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

ஆலோசகர் வந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்று காத்திருந்தாள். அவர் வந்தார். உட்கார்ந்தார். ஒரு வாய் வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாகப் போனைக் கவிழ்த்து வைத்தார்.

“நீயா செஞ்ச?”

சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பார்வைக்கு அவள் எத்தனையோ நாளாகக் காத்திருந்தாள்.

“பின்ன யாரு?” என்றாள்.

அந்த வாரக் கடைசியில் மாமியார் வந்தார். தன் கைப்பக்குவத்துக்கு மிஞ்சியது உலகத்தில் இல்லை என்பது அவர் கட்சி. பிறர் சமையலைச் சாப்பிடும்போது, நோயாளியைப் பார்க்க வந்தவர் மாதிரி ஒரு களை முகத்தில் இருக்கும். அன்று அவரே இரண்டாம் முறை தட்டை நீட்டினார்.

“நல்லாத்தான் இருக்கு. ஏம்மா, நீ இடது கைக்காரியா? கல்யாணத்துக்கு முன்னாடி யாரும் சொல்லவே இல்லையே.”

அவள் கரண்டியை வலது கைக்கு மாற்றினாள். வலது கையில் அது இரவல் வாங்கிய கரண்டி மாதிரி இருந்தது.

பிறகு எல்லாம் நல்லதாகவே நடந்தது. இடுப்பு வலி போய்விட்டது. மேல் அலமாரி நெற்றியில் இடிப்பதை நிறுத்திக்கொண்டது. மஞ்சள் விரிப்பை ஒரு நாள் அவளே மடித்து உள்ளே வைத்தாள். நிஜமாகவே சத்தமாகத்தான் இருந்தது. நைட்டி மட்டும் தரையில் புரண்டு காலைத் தடுக்கியது. துவைத்துத் துவைத்து நீண்டுவிட்டது போல என்று நினைத்தாள்.

துணி துவைத்தால் சுருங்கும். நீளுமா?

ஆலோசகர் தடித்த அடி வைத்த காலணியைத் தூக்கிப் போட்டார். “கால உறுத்துது” என்றார். தெருவில் நடக்கும்போது அவள் தோள்மேல் கை போட்டார். முன்பெல்லாம் அவருக்கு அது எட்டாது.

“இப்பத்தான் நாம பொருத்தமா இருக்கோம்ல?”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

நிமிர்ந்து பார்த்தாள்.

மறுநாள் காலை கூடத்துக் கண்ணாடியைக் கடந்துபோனாள். நின்றாள். திரும்பி வந்தாள். கண்ணாடியில் முழு முகமும் தெரிந்தது.

அவள் குனியவில்லை.

அன்றிலிருந்து தொண்டை கட்டிக்கொண்டது. வெந்நீர் குடித்தாள். கஷாயம் குடித்தாள். குரல் நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே போனது.

‘அடுத்த வாரம்’ என்ற தச்சர் இரண்டு மாதம் கழித்து வந்தார். மதியம் மூன்று மணி. கதவைத் திறந்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“அடடே, அம்மா இருக்கீங்களா? போன தடவ வந்தப்ப உங்களக் காணோமேன்னு கேட்டேன்.”

அவள் ஏதோ சொல்ல வந்தாள். தச்சர் அதற்குள் சமையலறைக்குப் போய்விட்டார்.

“இதப் போய் உயர்த்தணும்னு சொல்லிட்டாங்க. எதுக்கு உயர்த்தணும்? நீங்க நின்னு கொடுத்த அளவாச்சே. இங்க வந்து நில்லுங்க.”

அவள் நின்றாள். நிலையை ஒட்டி, முதுகு நிமிர்த்தி, எவ்வளவு முடியுமோ அவ்வளவு நிமிர்ந்து...

மேல் கோடு அவள் உச்சந்தலையில் உட்கார்ந்தது.

“பாத்தீங்களா? நூல் பிசகல. என் கண்ணு அப்படி.”

நான் அவள் இல்லை. நான் நெட்டை. அவள் வாயைத் திறந்தாள்.

காற்றுதான் வந்தது.

தச்சர் கூடத்துக்கு வந்தவர், சுவரில் இருந்த கல்யாணப் படத்தின் முன்னால் நின்றார். மாப்பிள்ளையைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற உயரமான பெண்ணைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“இந்தப் பொண்ணுதாம்மா அன்னிக்கு இங்க இருந்துச்சு. சாருக்கு மொத சம்சாரமா? அதான்... என்ன வேணும்னு கேட்டப்ப பதிலே சொல்லல. பாவம். இப்ப எங்க இருக்கு அது?”

அவள் இடது கை மெல்ல எழுந்தது. அவள் எழுப்பவில்லை. அது சமையலறைப் பக்கம் காட்டியது.

தச்சர் எட்டிப் பார்த்தார்.

“காலியாத்தானேம்மா இருக்கு” என்றார்.

உள்ளே மேல் அலமாரியின் கதவு கீச்சிட்டுத் திறந்தது. உயரத்தில், எதன்மீதோ போய் இடித்தது.

டொக்.